டேனிஷ் மொழியில் ஒலிப்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் ஏன் ஒரே சொல்?

கேள்வி இதுதான். டேனிஷ் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு "டெ லூதர் கொட்" என்ற வாக்கியம் பாடத்தில் வந்திருக்கிறது. 'கேட்கவே நன்றாக இருக்கிறது' என்று பொருள். வினை லூதெ, அதாவது ஒலித்தல். இரண்டு பாடம் தள்ளி, அம்மா சொல்படி நடப்பதற்கும் அதே லூதெ வந்திருக்கிறது. இது ஒரே சொல்லா, இரண்டு சொற்களா என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ஐஸ்லாந்து நண்பர் ஒருவர், "எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு மௌனம் என்றும் பொருள் உண்டு" என்று சொல்லி இன்னும் குழப்பிவிட்டாராம். சொல் எங்கிருந்து வந்தது, நார்டிக் மொழிகளில் அதன் வடிவங்கள் என்னென்ன என்று கேட்கிறார்.

சுருக்கமான பதில் வேண்டுமானால்: அவை இரண்டு வினைகள், ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்ச்சொல் முதலில் காதோடு சம்பந்தப்பட்டது. வாயோடும் மணியோடும் கொம்போடும் சேர்ந்தது பிறகுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மௌனமும் கீழ்ப்படிதலும் தானாக இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. லூதெயில் வரும் 'ஊ' நம் ஊ இல்லை. 'ஈ' சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் விசில் அடிப்பதுபோல் குவித்தால் வருவது. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் 'லூ' என்றே எழுதுகிறேன். 'த' விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்: 'அது' என்று சொல்லும்போது வருகிறதே, அந்த மெல்லிய த, ஐஸ்லாந்து மொழியின் த-வுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. டேனிஷ்காரர்கள் அதை இன்னும் குழைத்து, விழுங்கிவிடுவார்கள்.

நார்டிக் மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய நார்ஸ் மொழியில் ஹ்ல்யோத் என்று ஒரு பெயர்ச்சொல். இன்றைய ஐஸ்லாந்து மொழியிலும் அதே எழுத்துக்களோடு இருக்கிறது. பழைய நூல்களைப் புரட்டினால் அதற்கு மூன்று பொருள் கிடைக்கும்: கேட்டல், கேட்பதற்காகக் காக்கும் அமைதி, ஒலி. அகராதியில் மட்டும் பார்த்தால் அமைதியும் ஒலியும் எதிரெதிராகத் தெரியும். ஆனால் ஒரு கூட்டத்தைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஒருவர் எழுந்து நிற்கிறார். எல்லோரும் வாயை மூடிக் காதைத் திறக்கிறார்கள். கேட்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது செவிசாய்த்தல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மௌனம். அந்த மௌனத்தில் காதுக்கு வந்து சேர்வது ஒலி. ஒரே காட்சியை மூன்று பக்கத்திலிருந்து பார்த்த கதைதான்.

இது வெறும் ஊகமா என்றால், இல்லை. இந்தச் சொல்லின் ஜெர்மானிய உறவுகளில் மிகப் பழைய சான்று, 4ஆம் நூற்றாண்டில் பிஷப் உல்ஃபிலாஸ் கோத்திக்கில், அதாவது இன்று வழக்கொழிந்த ஒரு ஜெர்மானிய மொழியில், செய்த பைபிள் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அங்கே ஹ்லியூத் என்றால் அமைதியாகக் கேட்டிருத்தல். கேட்டலும் அமைதியும் மூத்த பொருள்கள், ஒலி இளையது என்று சொல்ல இது ஒரு வலுவான காரணம்.

நார்டிக் பக்கத்தில் இதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று 'வோலுஸ்பா' என்ற பழங்கவிதையின் முதல் அடி. உலகம் தோன்றியதையும் அழியப்போவதையும் ஒரு குறிசொல்லும் பெண் சொல்கிறாள். 1270ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு தோல் சுவடியில் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. டென்மார்க்கில் நெடுங்காலம் இருந்த அந்தச் சுவடி 1971இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. அவள் வாய் திறந்து சொல்லும் முதல் சொல்லே இதுதான்: "ஹ்ல்யோத்ஸ் பித் எக்". 'ஹ்ல்யோத் வேண்டுகிறேன்.' ஒலி வேண்டும் என்று கேட்கவில்லை, காது கொடுங்கள் என்கிறாள். அரசவையில் பாட எழுந்த நார்ஸ் புலவர்களும் இப்படித்தான் தொடங்குவார்கள். மைக் இல்லாத காலத்தில், குடியும் கூச்சலுமாக இருக்கும் கூடத்தில், அது சம்பிரதாயம் மட்டுமில்லை, அவசியமும்கூட.

இதோடு ஐஸ்லாந்தின் ஆல்திங் சபையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 930இல் திங்வெட்லிர் சமவெளியில் தொடங்கிய சபை அது. சட்டம் எழுதிவைக்கப்படவில்லை. 'சட்டம் சொல்பவர்' என்ற பதவியில் இருப்பவர் சட்டப் பாறைமேல் நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று, மூன்று ஆண்டில் முழுச் சட்டத்தையும் வாயால் சொல்லி முடிப்பார். 1117-18 குளிர்காலத்தில்தான் அதை எழுத ஆரம்பித்தார்கள். கேட்டால்தான் சட்டம் தெரியும் என்ற அப்படிப்பட்ட சமூகத்தில், கேட்பது, அமைதி காப்பது, சொன்னபடி நடப்பது மூன்றும் ஒரு சொல்லின் பக்கத்தில் வந்து கூடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதே கவிதையில் இன்னொரு இடம் இருக்கிறது. தேவர்களின் காவல்காரன் ஹைம்டால். அவனுடைய ஹ்ல்யோத் புனித மரத்தடியில் மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஓர் அடி வரும். எது மறைந்திருக்கிறது? உலக முடிவில் அவன் ஊதப்போகும் கியாலர்ஹார்ன் என்ற கொம்பு என்று ஒரு கட்சி. தேவர்களின் தலைவன் ஓடின் தன் ஒரு கண்ணை அங்கே அடகு வைத்ததுபோல ஹைம்டால் தன் கேட்கும் திறனை, அதாவது ஒரு காதையே, வைத்திருக்கிறான் என்று இன்னொரு கட்சி. ஹைம்டாலுக்குப் புல் முளைக்கும் சத்தமும் ஆட்டின் மேல் ரோமம் வளரும் சத்தமும்கூடக் கேட்கும் என்று 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்திருக்கிறார். ஒலிக்கும் கொம்பா, கேட்கும் காதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுவதற்குக் காரணமே இந்தச் சொல் இரண்டையும் தாங்கும் என்பதுதான். எனக்குக் காதுக் கட்சிதான் பிடிக்கும். ஆனால் அது ரசனை, தீர்ப்பு இல்லை.

சரி, உங்கள் ஐஸ்லாந்து நண்பர் சொன்னதற்கு வருவோம். இன்றைய ஐஸ்லாந்து மொழியில் ஹ்ல்யோத் என்ற பெயர்ச்சொல் சாதாரணமாக ஒலிதான். ஆனால் அதிலிருந்து வந்த உரிச்சொல் ஹ்ல்யோதுர் என்றால் பேசாமல் இருக்கிற, அமைதியான. ஹ்ல்யோத்னா என்றால் மௌனமாகிவிடுதல். பிள்ளைகளைப் பார்த்து "ஹ்ல்யோத் வைத்திரு" என்றால் வாயை மூடு என்று பொருள். கூட்டத்தில் ஒருவர் 'தனக்கு ஹ்ல்யோத் கேட்கிறார்' என்றால் பேச அனுமதி கேட்கிறார். குறிசொன்ன பெண்ணின் அதே வேண்டுகோள், இன்று சங்கக் கூட்டத்தில். இன்னொரு பக்கம் பார்த்தால் இசைக்கருவி, மைக், ஒலிப்புத்தகம், உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாவற்றிலும் இதே ஹ்ல்யோத் ஒலி என்ற பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைக்குக்கு அவர்கள் வைத்த பெயர் ஹ்ல்யோத்னேமி, 'ஒலி வாங்கி'. நம் ஒலிவாங்கியும் அதேதான்.

ஒரு எச்சரிக்கை: ஹ் விட்டுப்போய் ல்யோத் என்று சொல்லிவிட்டால் அது வேறு சொல், 'கவிதை' என்று பொருள். ஹ்ல்யோத்போக் காதால் கேட்கும் புத்தகம், ல்யோதாபோக் கவிதைத் தொகுப்பு. அந்த ஹ்ல் என்பது ஹ-வும் ல-வும் தனித்தனியாக இல்லை. ல-வுக்கு நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் ஊதுவது. வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றிலும் அந்த ஹ் இடைக்காலத்திலேயே உதிர்ந்துவிட்டது.

டேனிஷ்காரர்கள் மௌனப் பொருளை மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அங்கே லூத் என்றால் ஒலி, அவ்வளவுதான். ஆனால் இரண்டு தொடர்களில் பழைய பொருள் அப்படியே உறைந்துகிடக்கிறது. ஒன்று, ஓரென்லூத். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'காதுகளின் ஒலி'. அப்படிப் பார்த்தால் பொருளே இல்லை. அறை முழுக்கச் சத்தம், நீங்கள் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை, அப்போது "எனக்கு ஓரென்லூத் கிடைக்கவில்லை" என்பார்கள். 'காதுகளின் செவிசாய்ப்பு' என்று பழைய பொருளை வைத்துப் படித்தால்தான் அது திறக்கும். நார்வேயிலும் இது உண்டு. இன்னொன்று, ஒரு கருத்துக்காகப் பொதுவில் வாதாடுவதை "லூத்துக்காகத் தட்டுவது" என்பார்கள், 'ஸ்லோ டில் லூத் ஃபோர்'. சத்தம் எழுப்பத் தட்டுவதாக இன்று கேட்பவர்கள் நினைக்கலாம். உண்மையில் சத்தம் அடங்கத் தட்டியது அது. கல்யாண வீட்டு மைக்கில் 'டக் டக்' என்று தட்டுகிறார்களே, அந்த வேலை.

இனிக் கீழ்ப்படிதல். இந்தப் பகுதியை டேனிஷ் மாணவர்களுக்கு விளக்கத்தான் ஆசிரியர்கள் பாடுபடுவார்கள். தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வரி போதும். "பையன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான்" என்று சொல்லும்போது பையனுக்குக் காது கேட்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பழைய நார்ஸிலும் இதே வழி. ஹ்ல்யோத் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து ஹ்லூதா என்ற வினையைச் செய்தார்கள். முதல் பொருள் 'காது கொடுத்தல்'. அதிலிருந்து 'சொல்படி நடத்தல்'. அதோடு நிற்காமல் 'சரிப்பட்டு வருதல்' என்ற பொருளுக்கும் போனது: பழைய கதைகளில், "இப்படியே விட்டால் ஹ்லூதா ஆகாது" என்கிற மாதிரி வரும், அதாவது சரிப்படாது. இன்றைய ஐஸ்லாந்தில் ஹ்லீதா என்று உச்சரிக்கிறார்கள். வெறுமனே சொன்னால் கீழ்ப்படிதல், பின்னால் 'மேல்' என்ற முன்னிடைச்சொல் சேர்ந்தால் கவனித்துக் கேட்டல். ஒத்துழையாமைப் போராட்டம் மாதிரியான சட்டமறுப்புக்கும் அவர்கள் சொல் இதிலிருந்துதான்: 'குடிமக்களின் ஓஹ்லீத்னி', கேளாமை.

தமிழில் கேள் என்ற வினை இன்னொரு திருப்பமும் எடுத்தது. வள்ளுவர் 'கேள்வி' என்று அதிகாரம் வைத்தபோது அது செவியின் வேலை. செவிச்செல்வத்தைப் பற்றித்தான் பத்துக் குறளும். இன்று கேள்வி என்றால் வாயால் எழுப்புவது. காதின் சொல் வாய்க்கு மாறிவிட்டது. ஹ்ல்யோத் காதிலிருந்து ஒலிக்கு மாறியது விநோதம் என்று நினைப்பவர்கள் இதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஆக, பழைய நார்ஸில் வினைகள் இரண்டு. ஒலித்தலுக்கு ஹ்ல்யோதா. கேட்டலுக்கும் கீழ்ப்படிதலுக்கும் ஹ்லூதா. தெளிவாக வேறுவேறு உச்சரிப்பு. டேனிஷில் எப்படி ஒன்றாயின? குற்றவாளி ஓர் உயிரொலி. பழைய 'இயு' என்ற இரட்டை உயிர் டேனிஷில் ஒழுங்காகக் குவிந்த ஈ ஆகிவிட்டது. ஸ்வீடிஷில் 'அழை, கொடு' என்பதற்கு பியூடா, டேனிஷில் பூதெ. ஸ்வீடிஷில் 'சுடு' என்பதற்கு ஷூட்டா என்று ஒலித்தாலும் எழுத்தில் பழைய 'யு' இருக்கும், டேனிஷில் ஸ்கூதெ. இதே பாதையில் ஒலித்தல் வினை லூதெ ஆனது. கீழ்ப்படிதல் வினையில் ஏற்கெனவே அதே குவிந்த ஈ இருந்ததால் அதுவும் லூதெ. ஒரு ஆற்றிலிருந்து பிரிந்த இரண்டு வாய்க்கால்கள் ஊருக்கு வெளியே மறுபடி சேர்ந்த மாதிரி. அதனால் உங்கள் கேள்விக்குக் கண்டிப்பான பதில்: வரலாற்றில் இரண்டு வினைகள், வடிவத்தில் இன்று ஒன்று, வேரில் மறுபடியும் ஒன்று.

வடிவங்கள் இவை. டேனிஷில் லூதெ, நிகழ்காலம் லூதர், இறந்தகாலம் லோத், இறந்தகால எச்சம் லுட். ஒலித்தலுக்கும் கீழ்ப்படிதலுக்கும் ஒரே வரிசை. நார்வேயின் இரண்டு எழுத்து வழக்குகளில் பெரியதான பூக்மோலிலும் கிட்டத்தட்ட இதேதான். அன்றாடப் பேச்சில் டேனிஷ்காரர்கள் கீழ்ப்படிதலுக்கு அத்லூதெ என்று முன்னொட்டு சேர்த்துச் சொல்வது வழக்கம்; ஸ்வீடிஷில் அதன் ஜோடி ஓட்லூடா. ஒட்டில்லாத லூதெயைக் கீழ்ப்படிதல் பொருளில் எழுத்திலும் பழமொழி மாதிரியான இடங்களிலும்தான் அதிகம் பார்ப்பீர்கள். இன்னொரு அழகான பயன்பாடு: ஒருவருடைய பெயரைச் சொல்லும்போது "மாரென் என்ற பெயருக்கு லூதர்" என்று கொஞ்சம் விளையாட்டாக எழுதுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள் என்று பொருள். ஸ்வீடனில் நாய்களுக்கு இதேபோல் லுஸ்ட்ரா என்ற வினை: அது இந்தப் பெயருக்கு 'லுஸ்ட்ரார்', காதை நிமிர்த்தும். அதுவும் இதே குடும்பம்தான். படையில் "லுஸ்ட்ரிங்!" என்றால் 'கவனி!'

இறந்தகாலம் லோத் பற்றி ஒரு சின்ன துப்பறியும் கதை இருக்கிறது. ஜெர்மானிய மொழிகளில் இறந்தகாலம் இரண்டு வகை: பின்னால் ஒட்டு சேர்ப்பது ஒன்று, ஆங்கிலத்தின் சிங்-சேங் போல உள்ளே உயிரை மாற்றுவது இன்னொன்று. பெயர்ச்சொல்லிலிருந்து செய்த வினைகள் ஒட்டுதான் எடுக்கும். பழைய நார்ஸில் ஹ்ல்யோதாவும் ஒட்டுதான் எடுத்தது; ஐஸ்லாந்தில் இன்றும் ஹ்ல்யோதாதி. அப்படியானால் டேனிஷ் லோத் எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டைப் பார்த்து வந்தது. பூதெ-போத், ஸ்கூதெ-ஸ்கோத், 'உடை' என்பதற்கு ப்ரூதெ-ப்ரோத் என்று ஒரு கூட்டமே அங்கே இருந்தது. அவற்றோடு எதுகை அடித்த லூதெயும் லோத் என்று சேர்ந்துகொண்டது. மொழிகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. பழைய உயிர்மாற்ற வினைகள்தான் சோம்பி ஒட்டுக்கு மாறும். குழந்தைகள் செய்யும் தவறுகளும் அந்தத் திசையில்தான். எதிர்த் திசையில் ஏறி வந்த வினை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

ஸ்வீடிஷ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஒலித்தல் யூடா, எழுத்தில் முன்னால் ஓர் ல் இருக்கும், உச்சரிக்கமாட்டார்கள். இறந்தகாலம் யோட், பியூடா-பியோட் போல. கீழ்ப்படிதல் லூடா, இறந்தகாலம் லுட்டெ. ஆனால் இங்கேயும் ஒரு கலப்பு உண்டு. கடிதமோ தீர்ப்போ 'இப்படிச் சொல்கிறது' என்பதற்கு லூடாவைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதன் இறந்தகாலம் பெரும்பாலும் லோட். "சிப்பாய் லுட்டெ" என்றால் கீழ்ப்படிந்தான். "உத்தரவு லோட்" என்றால் உத்தரவின் வாசகம் இப்படி இருந்தது. நிகழ்காலத்தில் ஒன்றாக நிற்கும் வினை இறந்தகாலத்தில் பொருளுக்குத் தக்கபடி கிளை பிரிகிறது. யூடாவுக்கும் இப்படி ஒரு கிளை: முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி, "ஸ்... ஊ... ல்... ஸூல்!" என்று 'சூரியன்' என்ற சொல்லைப் படிக்கிறதே, அதற்கும் யூடா என்றுதான் பெயர். அந்தப் பொருளில் மட்டும் யோட் வராது, ஒட்டு சேர்த்து யூடாடெ என்பார்கள்.

ஃபாரோ தீவுகளில் ஒலி ல்யோத், ஒலித்தல் ல்யோதா வகை. எழுத்தில் பார்த்தால் ஐஸ்லாந்துச் சொல்லில் ஹ் மட்டும் உதிர்ந்திருக்கிறது.

நடைமுறைக்கு முக்கியமான ஒன்று. டேனிஷில் கற்ற பழக்கத்தில் ஸ்வீடனுக்குப் போய், 'நன்றாக இருக்கிறது, செய்யலாம்' என்பதற்கு யூடாவைப் போட்டால் பழைய செய்யுள் ஒப்பித்த மாதிரி இருக்கும். அங்கே "டெ லோத்தெர் பிரா" என்பார்கள். வினை லோத்தா. அதன் முதல் பொருள் 'விடு, அனுமதி'. குரலை வெளியே விடுவதிலிருந்து சத்தம் எழுப்புவதற்குப் போனதாக எடுத்துக்கொள்ளலாம்; நாம் 'குறட்டை விடுகிறான்', 'கூக்குரல் விட்டான்' என்பதில்லையா, அப்படி. அதிலிருந்து வந்த லோத் என்ற பெயர்ச்சொல்தான் ஸ்வீடனில் பாட்டுக்குச் சாதாரணச் சொல். ஐஸ்லாந்தில் அதன் உறவான லைத்தி என்றால் பிள்ளைகள் போடும் கூச்சல். நார்வேக்காரர்கள் இது எதுவும் வேண்டாம் என்று 'கேட்கப்படுகிறது' என்ற பொருளில் ஹோரெஸ் என்பார்கள்: "டெ ஹோரெஸ் பிரா ஊத்". ஐஸ்லாந்தில் ஹ்ல்யோமா என்று இன்னொரு வினை. ஹ்ல்யோத்துக்குத் தங்கை முறை. நாலு நாடு, ஒரே சம்மதத்துக்கு நாலு விதமான வினை.

வேருக்கு இன்னும் கீழே போனால் நமக்குத் தெரிந்த முகம் ஒன்று வருகிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் 'கேள்' என்ற பொருளில் 'க்ளெவ்' என்ற வேர். ஜெர்மானியக் கிளையில் க ஹ-வாக மாறும். யாகோப் கிரிம் 1822இல் முறைப்படுத்திய ஒலிமாற்றம் அது. சமஸ்கிருதக் கிளையில் அதே க ச-வாக மாறும், ல ர-வாகும். ஒரு பக்கம் ஹ்லு, இன்னொரு பக்கம் ச்ரு. ச்ருதி என்றால் கேட்கப்பட்டது. எழுதாமல் காது வழியே வந்ததால் வேதத்துக்கு அந்தப் பெயர். கச்சேரிக்கு முன் தம்புராவில் சேர்க்கும் சுருதியும், சிரவணமும் தமிழுக்கு வந்தது அங்கிருந்துதான். சமஸ்கிருதத்தில் ச்ருஷ்டி என்று ஒரு சொல் உண்டு. படைப்பு என்ற சிருஷ்டி இல்லை, இது வேறு. 'சொல் கேட்டு நடத்தல்' என்று பொருள். ஐஸ்லாந்தில் காதுக்கு ஹ்லுஸ்த் என்கிறார்களே, அது எழுத்துக்கு எழுத்து இதன் உடன்பிறப்பு. அந்த ஹ்லுஸ்த்திலிருந்து 'காது கொடு' என்பதற்கு ஹ்லுஸ்தா. ஒட்டுக் கேட்பதற்கான ஹ்லேராவும் இதே வேர்தான். ஆங்கிலத்தின் 'லிசன்', 'லௌட்' இரண்டும் இதே வேர்தான். 'லௌட்' என்பதன் அடிப்பொருள் 'கேட்கப்பட்டது' மட்டுமே, உரக்க என்பது பிறகு ஏறியது.

பலர் காதில் விழுவது புகழ் என்பதால் இந்த வேர் பெயர்களிலும் புகுந்தது. லுட்விக், லூயி, ஐஸ்லாந்தின் ஹ்லோத்வெர் எல்லாம் 'போரில் பேர்பெற்றவன்' என்ற ஒரே பழம்பெயர். டென்மார்க்கின் கல்லெஹூஸ் என்ற ஊரில் 1734இல் கிடைத்த தங்கக் கொம்பில், கி.பி. 400ஐ ஒட்டி, ஜெர்மானியர்களின் பழைய எழுத்தான ரூனில், "ஹ்லெவகஸ்திஸ் ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன்" என்று இருந்தது. அந்த ஹ்லெவ என்பது இந்த வேரிலிருந்து வந்த 'புகழ்' என்று ஒரு சாராரும், 'புகலிடம்' என்ற வேறு சொல் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். கொம்பைக் கேட்கலாம் என்றால் அது இல்லை. 1802இல் கோபன்ஹேகனில் ஒரு பொற்கொல்லர் திருடி உருக்கிவிட்டார்.

கடைசியாக, நான் சொந்தமாக மாட்டிக்கொண்ட சொல் ஒன்று. ஸ்வீடிஷில் லூஹோர்ட். லூ என்பது இந்தக் குடும்பம், ஹோர்ட் 'கேட்கிற'. மொழி வகுப்பில் ஆசிரியை ஒருமுறை என்னை லூஹோர்ட் என்றார். அகராதியைப் பார்த்தேன்: பிறர் சொல்வதை நுணுக்கமாகக் காதில் வாங்குபவர். அன்று முழுக்கக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன். சாயங்காலம் குடியிருப்புக்குத் திரும்பினால் மாடிப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "இந்தக் கட்டடம் லூஹோர்ட். தயவுசெய்து பத்து மணிக்கு மேல்..." வீட்டுக்கு என்ன நுண்ணுணர்வு என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டு அம்மாள் பால் பாக்கெட்டோடு ஏறி வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ "உள்ளே வாருங்கள்" என்றார்கள்.